தலையை ஆட்டச் சொன்னால்

கடம்பூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டை முக்கால்வாசி அடைத்து உட்கார்ந்திருந்தார் ஒரு குத்துச்சண்டைக்காரர். கழுத்தில் கையுறைகள் தொங்கின. ஒரு கண் வீங்கியிருந்தது. மிச்ச இடத்தில் ஒடுங்கியிருந்த நண்பர் கேட்டார்.

"பயிற்சியிலயே இப்படி வாங்கிருக்கியேலே?"

"கோச்சு 'தலைய ஆட்டு, தலைய ஆட்டு'ன்னு கத்துதாரு. நானும் ஆட்டத்தான் செஞ்சேன்."

"பொறவு?"

"குத்து படாம பக்கவாட்டுல ஆட்டணுமாம். நான் 'சரி சார்'னு மேலயும் கீழயும் ஆட்டிட்டு நின்னேன். கல்யாணமான நாள்லேருந்து பழகுன ஆட்டம்லா."

போன் அடித்தது. மனைவி. "சரி... சரிம்மா... வாரேன்." தலை மேலும் கீழும் ஆடியது.

"என்னவாம்?"

"ஞாயித்துக்கிழமை கொழுந்தியாளுக்கு வளைகாப்பாம்."

"அன்னைக்குத்தானலே ஒனக்குப் போட்டி?"

அவர் வீங்காத கண்ணையும் மூடிக்கொண்டார்.

"பாத்தியா, இந்தக் குத்தையும் தலைய ஆட்டியே வாங்கிட்டேன்."