ஆறு மணி வரைக்கும்தான் கரண்ட்

குரு: யக்கா, மொதல்ல பீஸ் கட்டைய வுடுங்க. மேல சாரத்துல ரெண்டு ஆளு நிக்கறாங்க!

மலர்விழி: நிக்கறாங்கன்னுதான் இன்னும் புடுங்கல, மேஸ்திரி. எறங்கச் சொல்லுங்க. மணி ஆறாவுது.

குரு: பக்கத்து வூடாச்சேன்னு கரண்ட் கேட்டோம். நல்ல மனசோட குடுத்தீங்க...

மலர்விழி: ஆறு வரைக்கும்னு சொல்லிக் குடுத்தேன். தலைய ஆட்டுனீங்க.

குரு: ஆறுக்கு மேல கட்டட வேலை கூடாதுன்னு எவன் போட்ட சட்டம்?

மலர்விழி: என் கரண்ட்டு. என் சட்டம்.

குரு: ஒரே ஒரு செவுருதாங்க்கா. பூச்சு வேலையப் பாதியில வுட்டா ஒட்டுன எடம் கோடாத் தெரியும். ஓனரு என்னைத் தின்னுப்புடுவாரு.

மலர்விழி: கோட்டு மேல ஒரு படத்த மாட்டிக்கச் சொல்லுங்க.

குரு: வெளிச் செவுத்துலயா?

மலர்விழி: பெரிய படமா மாட்டட்டும்.

குரு: வெளையாடாதீங்க... சத்தம்தானே தொந்தரவு? அதுக்கு ஓனரே ஒரு வழி சொன்னாரு. உங்க வூட்டுக்கார அண்ணன் தவறுனதுல இருந்து நீங்க எங்கயும் போகல. பொண்ணக் கூட்டிக்கிட்டு ஏற்காடு போயிட்டு வாங்க. ஏரிக்கரையில அவரோட காட்டேஜ் இருக்கு. சும்மா தங்கிக்கலாம்.

மலர்விழி: நாங்க அங்க தங்குவோம். இங்க ராத்திரியெல்லாம் வேலை ஓடும்.

குரு: அது... ஏரியச் சுத்தி நடங்க, மலைப்பாதையில காப்பித் தோட்டம் பாருங்க...

மலர்விழி: இருட்டுது மேஸ்திரி.

குரு: அதான் ஃபோகஸ் லைட்டு போட்டிருக்கே!

மலர்விழி: அது செவுத்துக்கு. கால் வெக்கிற பலகைக்கு வெளிச்சம் எங்க?

குரு: எங்க ஆளுங்க கண்ண மூடிக்கிட்டே நடப்பாங்க.

மலர்விழி: பச்சியப்பா! எறங்குப்பா!

பச்சியப்பன்: மேஸ்திரி சொல்லணுங்கக்கா!

குரு: உங்க வூட்டு ஆளுங்களா அவங்க? ஏன் இந்தப் புடிவாதம்? காட்டேஜ் மூணாவது மாடியில நின்னா ஏரி முழுசாத் தெரியும்னு ஆசையாச் சொல்ல வந்தா...

மலர்விழி: தெரியும். எங்க வூட்டுக்காரரு போன்ல சொன்னாரு. "மூணாவது மாடி பூசிக்கிட்டு இருக்கோம், இங்கிருந்து ஏரி முழுசாத் தெரியுது, முடிஞ்சதும் உன்னக் கூட்டியாந்து காட்டறேன்"னு.

குரு: அந்தக் காட்டேஜா...

மலர்விழி: அன்னைக்கும் ஒரு செவுருதான் பாக்கின்னாங்க. அன்னைக்கும் இருட்டிருச்சு.

குரு: ...பச்சியப்பா, கரண்டிய வெச்சுட்டு எறங்குங்கடா ரெண்டு பேரும். மெதுவா. ...யக்கா, அண்ணன் ரோட்டுல லாரி மோதித்தானே...

மலர்விழி: அப்படிச் சொல்லச் சொன்னதே உங்க ஓனருதான். நானும் வாயப் பொத்திக்கிட்டு அதையே சொன்னேன். இனிமே கேக்கறவங்ககிட்ட எல்லாம் எங்க வூட்டுக்காரரு எங்கிருந்து வுழுந்தாருன்னு சொல்வேன். போயி உங்க ஓனருகிட்டயும் சொல்லுங்க.