வைஷ்ணவிக்கு வந்த டவுட்

இல்லைங்க, ஸ்கூல்லேருந்து வரல. பயப்படாதீங்க. வைஷ்ணவி மேல கம்ப்ளைண்ட் எதுவும் இல்ல. நீங்க அவ அம்மாதானே? நான் இருதயமேரி. ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி டீச்சர், திருச்சியில பாலக்கரை. யூடியூப்ல பாடம் போடுறேன்ல, அதப் பாத்துட்டு உங்க பொண்ணு வாட்ஸப்புல டவுட் கேப்பா. அட்ரஸா? கொஸ்டின் பேங்க் அனுப்பச் சொல்லி அவளே குடுத்தது.

ஸ்பெஷல் கிளாஸா? சரி, வரட்டும். லால்குடி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க.

வீட்டுல நான் மட்டுந்தாங்க. பிள்ளைங்க இல்ல. எங்க வீட்டுக்காரர் ஆசீர், ஜனவரியில தவறிட்டாரு. பால்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். அவரும் இப்ப பாக்கெட்ட கேட்டுல மாட்டிட்டுப் போயிடுறாரு. அதான் செல்போன நிக்க வெச்சு, செவுத்தப் பாத்துப் பாடம் நடத்த ஆரம்பிச்சேன். யாரோ பாக்குறாங்க. கேக்குறது இவ ஒருத்திதான்.

சமநிலைன்னு ஒரு பாடம்ங்க. ஒரு பொருள் இன்னொண்ணா மாறும். மாறினது அதே வேகத்துல திரும்பப் பழையபடி ஆகும். வெளிய பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ள நிக்காம நடந்துக்கிட்டே இருக்கும். போன புதன்கெழமை சாயங்காலம் அதுல ஒரு டவுட் அனுப்புனா. மிஸ், வினையூக்கி போட்டா சமநிலை மாறுமா? மாறாதும்மா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேகமாகும், சமநிலை சீக்கிரம் வரும், அவ்ளோதான்னேன். அப்ப அத எதுக்கு மிஸ் போடணும்னா பாருங்க! சிரிச்சுட்டேன். அதுவா வர்ற வரைக்கும் கம்பெனிக்காரன் வருஷக்கணக்கா உக்காந்திருப்பானாடின்னு எழுதுனேன். விட்டாளா? சூடு பண்ணா? அழுத்தம் கூட்டுனா? கை வலிக்குது, போன்லயே சொல்றேன்னு கூப்பிட்டுட்டேன். பேசிக்கிட்டே நடந்ததுல சத்திரம் பஸ் ஸ்டாண்டே வந்துருச்சு.

எங்கேருந்தா? காவிரிப் பாலத்துலேருந்து.

காத்து வாங்கப் போகலைங்க. அன்னைக்குத் தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போச்சுல்ல. கைப்புடிச் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பதான் அவ டவுட் வந்துச்சு.

ஐயோ, நீங்க எதுக்கும்மா அழுவுறீங்க? டாக்டரப் பாத்துட்டேன். கூட வேலை பாத்த வஹீதா டீச்சர் ரெண்டு நாளா எங்கூட வந்து தங்கியிருக்காங்க. பிள்ளைகிட்ட இதெல்லாம் சொல்லிராதீங்க, காலாண்டுப் பரீட்சை வருது. நல்ல கேள்வி கேட்டான்னு சொல்லத்தான் வந்தேன்.