கணக்குப் பாப்பா

1. காரைக்காலிலிருந்து குரும்பகரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில், முப்பதைத் தாண்டிய பெண் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

2. கடைத்தெருவில் ஏறிய வயதான முஸ்லிம் அம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்.

3. "ஏம்மா, சின்னப் புள்ளையில மேடையேறி, எவ்வளவு பெரிய பெருக்கல் கேட்டாலும் சட்டுன்னு விடை சொல்லுவியே, அந்தக் கணக்குப் பாப்பா நீதானே?" என்று கேட்டார்.

4. "அந்தப் பாப்பா செத்துப்போச்சுங்கம்மா" என்றார் அந்தப் பெண்.

"யா அல்லாஹ்! எப்ப?"

"பதினோரு வயசுல."

அம்மாள் மெல்லச் சொன்னார்.

"எங்க தெருவுல மேடை போட்டப்ப பார்த்தேன். ஆளாளுக்கு நம்பரைக் கத்துறாங்க, புள்ள கண்ணு சொக்குது. 'மொதல்ல அதுக்குச் சோறு போடுங்கய்யா'ன்னு நானும் கத்துனேன். எங்க வூட்டுக்காரரு 'சும்மா உட்காரு'ன்னு அதட்டுனாரு."

ஜன்னல் பக்கம் பார்த்திருந்த பெண் திரும்பினார்.

"அன்னிக்கு ரொம்பப் பசிங்கம்மா."

அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வேளைக்குச் சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேங்க. தையல் கடை வச்சிருக்கேன். அங்க யாருக்கும் நான் யாருன்னு தெரியாது."

"நான் மூச்சு விட மாட்டேன். ஆனா இந்த ஜாக்கெட்டு அக்குள்ல இறுக்குது, என்னான்னு பாரேன்."

இருவரும் சிரித்தார்கள்.

கணக்குப் பாப்பா உயிரோடு, நலமாக இருக்கிறார். அவர் இறங்கிய ஊரை நான் இங்கே எழுதவில்லை.