மூணு கத்தை முடி

– பூமுடி போதும் அண்ணே. மூணு கத்தை எடுத்தா ஆத்தா ஏத்துக்குவா.

– மூணு கத்தையெல்லாம் வேணாங்க. முழு மொட்டை.

– ஏம்மா, தாயும் மவளும் ஒரு பேச்சுக்கு வாங்க. தலைய நனைச்சு, பிளேடும் மாத்தியாச்சு. பின்னாடி வரிசை நிக்குது பாருங்க.

– அவ பேச்சக் கேக்காதீங்க. நாளான்னைக்கு ஞாயித்துக்கெழம உடையார்பாளையத்துலேருந்து பொண்ணு பாக்க வராங்க. மொட்டத் தலையோட எவளாச்சும் போய் நிப்பாளா?

– நான் நிப்பேன்.

– இரு பாப்பா. காதுக்குப் பின்னால என்னமோ தடிப்பா இருக்கே?

– அது கொழுப்புக் கட்டிண்ணே. சின்னதுலேருந்து இருக்கு.

– கட்டி இல்லீங்க, குழாய். மண்டைக்குள்ள தேங்குற தண்ணி இது வழியாத்தான் வயித்துக்கு எறங்குது. அங்க மட்டும் கத்தி படாம பாத்துக்குங்க.

– அடியே மணிமொழி! தமுக்கடிச்சே சொல்லிடேன்!

– பாக்க வரவங்ககிட்டயும் கொழுப்புக் கட்டின்னுதான் சொல்லப் போறியாம்மா?

– உள்ளதச் சொன்னா, ‘குழாய் எத்தன வருஷம் தாங்கும்’னு கேப்பாங்க. என்னத்தடி சொல்றது?

– வச்ச டாக்டருக்கே தெரியல. பாதிப் பேருக்கு ரெண்டு வருஷத்துல அடைச்சுக்கும்னாரு. ‘எம்மவ எந்தப் பாதி’ன்னு நீ கேட்டதுக்கு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. நான் பள்ளிக்கூடமும் முடிச்சேன், காலேஜும் முடிச்சேன்.

– அதுக்குத்தானடி வேண்டுதலே! காலேஜ் முடிக்கிற வரைக்கும் குழாய் ஓடணும்னு ஆத்தாளுக்கு ஒன் முடிய நேந்துக்கிட்டேன்.

– ஓடுச்சுல்ல? அப்புறம் மூணு கத்தையக் குடுத்து ஏமாத்துவியா?

– பாப்பா, நானும் பொண்ணு வச்சிருக்கேன், சொல்றேன். அவங்க பாத்துட்டுப் போவட்டும். இங்க வெள்ளியும் திங்களுந்தான நடை தெறப்பாங்க, திங்கக்கெழம வா. நானே அடிச்சு வுடுறேன்.

– நல்லாச் சொல்லுங்கண்ணே! முடி எங்க ஓடிப்போவுது?

– திங்கக்கெழம இந்த முடி இருக்காதும்மா.

– என்னடி ஒளர்ற?

– ஒரு வாரமா தலவலி. ஒனக்குத் தெரியாம நேத்து ஸ்கேன் எடுத்தேன். குழாய் அடைச்சிருச்சு. நேத்தே ஆஸ்பத்திரியில படுக்கச் சொன்னாங்க, ஒரு பொழுது கேட்டு வந்திருக்கேன். இங்கேருந்து நேரா திருச்சிதான். புதுக்குழாய் வைக்க அவங்க எப்படியும் மழிப்பாங்க. மழிச்சுக் குப்பையிலதான் போடுவாங்க. அதுக்கு முன்னால ஆத்தா கணக்கத் தீத்துடுறேன். பொண்ணு பாக்க வரவங்கள ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லு, எத்தன வருஷம் தாங்கும்னு டாக்டர்கிட்டயே கேக்கட்டும். நீங்க கத்திய வைங்கண்ணே.