அத்தியாவசியக் கல்வேலி

வாகீசன்: ...சிக்னல் கோபுரம், ஜெனரேற்றர், இறங்குதுறை. உம்மட அத்தியாவசியக் கட்டமைப்புப் பட்டியலில அதுக்கு அடுத்ததா எங்கட கல்வேலியையும் போடும்.

பிரியவதனி: வாகீசன், நாளைக்கு யாழ்ப்பாணத்தில இணையக் கொள்கைக் கூட்டம். நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில இருந்து நான்தான் போறன். அங்க போய் மாட்டுவேலியைப் பற்றிக் கதைக்கவோ?

வாகீசன்: அத்தியாவசியக் கட்டமைப்பு எண்டா என்ன எண்டு நீர்தானே சொன்னனீர்.

பிரியவதனி: ஓம். அது இல்லாமல் போனா சனத்தின்ர அலுவலும் நிண்டுபோகவேணும்.

வாகீசன்: இந்த ஒழுங்கையில சிக்னல் வாறது இந்த வேலியில ஏறி இருந்தா மட்டும்தான். கமலாதேவி அக்கா கனடா மகளோட கதைக்கிறது இதில இருந்து. கடலுக்குப் போறவை போனில காத்து நிலவரம் பாக்கிறதும் இதில இருந்து. நீர் ஒவ்வொரு பின்னேரமும் உம்மட செயலகக் கந்தோர் மெயில் அனுப்புறதும்...

பிரியவதனி: என்னை விடுங்கோ. சிக்னல் தாறது கோபுரம். வேலி வெறுங் கல்லு.

வாகீசன்: ஏறி இருக்க இடமில்லாட்டி கோபுரம் என்னத்துக்கு?

பிரியவதனி: ஒரு ஏணி வைச்சாலும் வருந்தானே. மாற்று வழி இருந்தா அது அத்தியாவசியம் இல்லை. அங்க முதல் கேள்வியே அதுதான்.

வாகீசன்: இந்த வயசில கமலாதேவி அக்காவை ஏணியில ஏத்துவீரோ?

பிரியவதனி: ...அது கொஞ்சம் கஷ்டந்தான்.

வாகீசன்: பாத்தீரே!

பிரியவதனி: சிரிக்காதேங்கோ. அரசாங்கம் அத்தியாவசியம் எண்டு அறிவிச்சா, பிறகு ஒரு கல்லுப் பிரட்டவும் அனுமதி கேக்கவேணும். உங்கட அப்பா விடுவாரோ?

வாகீசன்: அதுதானே வேணும்.

பிரியவதனி: என்ன?

வாகீசன்: ஒண்டுமில்லை...

பிரியவதனி: வாகீசன்.

வாகீசன்: அப்பா சனிக்கிழமை வேலியைப் பிரிக்கப் போறார். மாடு கூடிப்போச்சு, பட்டியைப் பெருப்பிக்க வேணுமாம். சாந்து போடாமல் அடுக்கின கல்லுத்தானே, அரைநாளில அள்ளிப்போடுவார். நான் சொல்லிக் கேக்கிறாரில்லை. அரசாங்கம் சொன்னா அடங்குவார்.

பிரியவதனி: அப்பாவை அடக்க அரசாங்கத்தைக் கூப்பிடுறியளோ? சனத்தில அவ்வளவு அக்கறை!

வாகீசன்: சனந்தான்...

பிரியவதனி: எந்தச் சனம்?

வாகீசன்: கேக்காதேயும்.

பிரியவதனி: நான் கூட்டத்தில காரணம் சொல்லவேணும்.

வாகீசன்: சரி, கேளும். வேலி போனா நீர் ஏன் இந்தப் பக்கம் வரப்போறீர்? உம்மட வீடு ஊரின்ர அந்தத் தொங்கல். பின்னேரம் உம்மைக் காணாமல் எனக்கு ஏலாது... இதைக் கூட்டத்தில சொல்லிப்போடாதேயும்.

பிரியவதனி: இதுதானோ உங்கட அத்தியாவசியம்?

வாகீசன்: கோபமே?

பிரியவதனி: இல்லை. அப்பாவை மறிக்காதேங்கோ, பிரிக்கட்டும். கமலாதேவி அக்கா இருக்க ஒரு மூலையை மட்டும் விடச் சொல்லுங்கோ.

வாகீசன்: அப்ப நீர்? மெயில் அனுப்ப எங்க போவீர்?

பிரியவதனி: எங்கட பக்கம் புதுக் கோபுரம் போட்டவையெல்லே. போன மாதமே எங்கட வீட்டுக் குசினிக்க சிக்னல் வந்திட்டுது, வாகீசன். அதுக்குப் பிறகும் ஒரு பின்னேரம் விடாமல் வந்தனான்தானே.