ஏழு வயதுக்குப் பதினான்கு நாள்

சின்னப் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் என்றால் அப்படி ஓர் ஆசை, சைமா மேடம். எங்கள் சினேகாவும் அப்படித்தான். பாத்ரூமுக்குள் யார் போனாலும் வெளியே தாழ் போட்டுவிட்டுச் சிரிப்பாள். அவள் அம்மா மங்கை, என் தங்கை, அதற்காக ஒரு நாள்கூடக் கை ஓங்கியதில்லை.

நேற்று சினேகா உங்களிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். சரி, மீதியை நானே சொல்கிறேன். போலீஸான உங்களிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும். ஜார்ஜ் டவுனில் இருபத்திரண்டு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன்.

மங்கையின் புருஷன் டில்லிபாபு நல்லவன். காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. குடி கிடையாது. என் தங்கையை அடித்ததில்லை. அடித்திருந்தால் சுலபம், ஒரு பெட்டிஷனில் பிரித்திருப்பேன். அப்பா அம்மா போன பிறகு மங்கையை வளர்த்தது நான். கல்யாணம் ஆனதும் இருவரையும் என் வீட்டு மாடியிலேயே குடிவைத்தேன். நான் கட்டிக்கொள்ளவில்லை. அவள் கையால் சோறு, அவ்வளவுதான் நான் கேட்டது.

பங்குனியில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்: "குணா மச்சான், கர்நாடகால, மல்பே ஆர்பர்ல ஃபோர்மேன் வேல கெடச்சிகீது. இங்க மீன்புடி தடைக்காலம் ஆரம்பிச்சதும் மங்கையையும் கொயந்தையையும் இட்டுகினு போலாம்னு கீறேன். நீ இன்னா சொல்ற?"

"நல்ல விஷயம் மாப்ள" என்றேன். மங்கை சிரித்துக்கொண்டே எனக்கு ரசம் ஊற்றினாள். அப்படி ஒரு சிரிப்பை என் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஆபீஸில் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். எதெல்லாம் குற்றமாகாது என்று சொல்லும் அத்தியாயம் எனக்கு மனப்பாடம். புத்தி பேதலிப்பு என்றால் டாக்டர் வேண்டும். தற்காப்பு என்றால் உடம்பில் காயம் வேண்டும். ஒரு பிரிவுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம். ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமில்லை. பழைய சட்டத்தில் எண்பத்திரண்டு, புதியதில் இருபது. பிறப்புச் சான்றிதழ் போதும். சினேகாவுக்கு அதை அலைந்து வாங்கியதே நான்தான். ஏப்ரல் இருபத்தொன்பதில் அவளுக்கு ஏழு நிறையும். தடைக்காலம் தொடங்குவது பதினைந்தாம் தேதி.

வீட்டிலேயே பழக்கினேன். நான் பாத்ரூமுக்குள் போவேன். அவள் தாழ் போட்டுவிட்டு நூறு எண்ண வேண்டும். முதலில் முப்பத்தொன்பதுக்கு மேல் தடுமாறினாள். பொறுமையாகத் திருத்தினேன். டீச்சர்கூடப் பாராட்டினார்.

பதினைந்தாம் தேதி படகெல்லாம் கரையில் நின்றன. ஃபேக்டரி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். டில்லி மட்டும் மிச்சமிருந்த ஐஸ் பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மத்தியானம் சினேகாவைக் கூட்டிக்கொண்டு சோறு எடுத்துப் போனேன். ஐஸ் ரூம் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து பல நாளாகிறது, அவனே என்னிடம் குறைப்பட்டிருக்கிறான். செல்ஃபோன் வெளியே சார்ஜில் கிடந்தது. மகளுக்குக் கையாட்டிவிட்டு உள்ளே போனான்.

"மாமா, அப்பாவோட ஆடட்டுமா?" என்றாள். அவளாகத்தான் கேட்டாள், மேடம். நான் தலையைத்தான் ஆட்டினேன்.

மிஷின் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. நூறு வரை ஓர் எண்கூடத் தவறாமல் சொன்னாள். "தொறக்கட்டுமா?"

"அப்பா அந்தாண்ட கதவு வயியா போய்ட்டாரு. நீதான் ஜெயிச்ச" என்று கூட்டிப்போய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். டில்லி காட்டுப்பள்ளி வரைக்கும் ஒரு வேலையாகப் போயிருக்கிறான், நாளைக்கு வருவான் என்று மங்கையிடம் சொன்னேன். பொய்தான். பொய் சொல்வது கொலையாகாது.

மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தார்கள். உள்பக்கம் கதவில் அவன் கைபட்ட தடங்களை நீங்கள் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை.

அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். அதை மறுக்கவில்லை. "கொழந்தை கையை வச்சு செஞ்சாலும் அது உங்க கைதான்" என்கிறீர்கள். வாதாடிப் பார்க்கலாம். நான் தாழைத் தொடவில்லை. தொட்ட கைக்குக் குற்றமில்லை. குற்றமே நடக்காதபோது குற்றவாளி எங்கிருந்து வருவான்?

எனக்கு வருத்தமெல்லாம் மங்கையைப் பற்றித்தான். டில்லியின் காரியம் முடிந்த அன்று சினேகா அவள் மடியில் உட்கார்ந்து, "நான்தாம்மா தாப்பா போட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று மங்கை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பிள்ளையைத் தொடுவதில்லை. கிட்டே வந்தால் எழுந்து போய்விடுகிறாள். "சட்டப்படி அவ மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று புத்தகத்தையே பிரித்துக் காட்டினேன். காதில் வாங்கவில்லை. எனக்கு மட்டும் வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள்.

சினேகாவுக்கு இப்போது நான்தான் தலை வாருகிறேன். பள்ளிக்கூடத்தில் விடுவதும் நான்தான். பெற்றவளே தள்ளிவைத்த பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே, மேடம். ஈவிரக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.