நாலாவது டாக்டர்

– கோபமா வரலைக்கா. ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேன். கூடப் பொறந்த தம்பி நாய், பூனை, முயல்னு போர்டு வச்சுட்டு உக்காந்திருக்கான். நீ முயலைத் தூக்கிட்டு அவன் வாசலைத் தாண்டி, மூணு சிக்னல் தாண்டி, இன்னொருத்தர்கிட்ட போயிருக்க. போறப்ப என் போர்டு கண்ணுல படலையா?

– மேஜையை ஆட்டாதடா. இந்த ஸ்க்ரூ விழுந்தா பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும்.

– கண்ணாடிக்கு ஸ்க்ரூ அப்புறம் மாட்டு. முதல்ல எனக்குப் பதில் சொல்லு.

– அவர் காத்துட்டிருக்கார் பாரு. சார், ஒரு பத்து நிமிஷம் அந்த நாற்காலியில உக்காருங்க. இடது பக்கம் மட்டும்தான் பாக்கி. மெல்லப் பேசுடா. அவருக்குக் கண்ணுதான் மங்கல், காது பாம்புக்காது.

– எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்க மாட்டியா?

– உன் காலேஜ் ஜூனியர் சொல்லியிருப்பா.

– அவளேதான் ஃபோன் பண்ணினா. 'அண்ணா, அட்டையில விலாசம் எழுதும்போதுதான் பாத்தேன், படிக்கிறப்ப நாங்கெல்லாம் சாப்பிட வருவோமே அந்த வீடு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம நான் கத்தி வைக்கலாமா?'ன்னா. மரியாதைக்குத்தான் கேட்டா, பாவம். எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. வெளியில நாலு பேர் நாயைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. நான் ஃபோனைப் பிடிச்சுட்டு ஆமாம்மா ஆமாம்மான்னு பல்லைக் காட்டிட்டு நிக்கறேன்.

– நீ என்ன சொன்ன?

– எனக்கு வேலை ஜாஸ்தி, நான்தான் உன்கிட்ட அனுப்பினேன்னு சொன்னேன்.

– பொய்.

– பின்ன? எங்க அக்காவே என்னை நம்பலைன்னா சொல்ல முடியும்?

– நானும் அவகிட்ட ஒரு பொய் சொன்னேன்டா. 'இதுக்கு முன்னாடி வீட்டுல எந்த முயலுக்காவது ஆபரேஷன் ஆயிருக்கா, யார் பண்ணினாங்க'ன்னு கேட்டா. ஆயிருக்கு, வேற ஊர்ல, டாக்டர் பேர் ஞாபகம் இல்லைன்னேன்.

– என் பேரைச் சொல்ல அவ்வளவு கூச்சமா?

– உன் பேரைச் சொன்னா, நம்ம பொத்தான் முயல் செத்துப்போச்சுங்கறதையும் சேத்துச் சொல்லணும். ரெண்டும் சேந்து என் வாயில வரல.

– பொத்தானை இன்னும் விடலையா நீ. ஒரு வருஷம் ஆச்சுக்கா.

– உனக்கு ஒரு வருஷம், என் பாப்பாவுக்கு இல்ல. அவளுக்கு அது நேத்து.

– சரி. அதுக்காக நேரா என் ஜூனியர்கிட்ட போய் நிப்பியா?

– நேரா எங்க போனேன். அவ நாலாவது ஆள்.

– நாலாவதா? என்னை விட்டுட்டு நாலு பேரா?

– முதல் ஆள் கூண்டைத் திறந்து கூடப் பாக்கல. 'காயடிக்கணும், அவ்வளவுதானே? விட்டுட்டுப் போய்க் காய்கறி வாங்கிட்டு வாங்க, முடிச்சு வைக்கறேன்'னார்.

– அவர் ஆடு மாட்டுக்குப் பண்ணிப் பண்ணிப் பழகினவர். முயலெல்லாம் அவர் கண்ணுக்கே தெரியாது.

– ரெண்டாவது ஆள் நம்ம முயல் மேனேஜரைக் காதைப் பிடிச்சுத் தூக்கினான். அது ஒரு கத்து கத்துச்சு பாரு, முயலுக்குக் குரல் இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பாப்பா அவன் கையைக் கடிக்கப் போயிட்டா.

– மேனேஜருக்கு இப்ப என்ன ஆபரேஷன் அவசரம்?

– நீ வீட்டுப் பக்கம் வந்தாத்தானே தெரியும். உன் அத்தான் செருப்பைச் சுத்திச் சுத்தி வந்து உறுமுது. அவர் காலை எடுத்தாக் கடிக்குது. சோபா, திரைச்சீலை, என் தலையணைன்னு ஒரு இடம் விடாம மூத்திரம் அடிச்சு, இதெல்லாம் என் ஆபீஸ்ங்குது. நீதானே வாங்கிக் கொடுத்த, பொண்ணுன்னு சொல்லி.

– குட்டியில பாத்தா கண்டுபிடிக்கறது கஷ்டம்க்கா.

– டாக்டருக்குமா?

– டாக்டருக்கும்தான். சிரிக்காத.

– சிரிக்கலை. மூணாவது ஆள் நல்ல மாதிரியாத்தான் இருந்தார். நாள் கூடக் குறிச்சாச்சு. 'முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் குடுக்காதீங்க, வெறும் வயித்தோட கொண்டு வாங்க'ன்னார். எனக்கு ஒண்ணும் தோணல, நீயும் அதையேதானே சொன்ன. பாப்பாதான் மேஜைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்து, 'நீங்க எத்தனை முயலுக்குப் பண்ணியிருக்கீங்க?'ன்னு கேட்டா.

– இவளுக்கு வாயைப் பாரு.

– நோட்டுல எழுதியே வச்சிருக்கா. கேள்வி நம்பர் ஒண்ணு, எத்தனை முயல். கேள்வி நம்பர் ரெண்டு, அதுல எத்தனை செத்துச்சு. அந்த மனுஷன் முகம் சிவந்துபோச்சு. 'சின்னப் பிள்ளைக்கெல்லாம் கணக்கு ஒப்பிக்கணுமா நான்'னார். எழுந்து வந்துட்டோம்.

– உன் டாக்டரம்மா மட்டும் ஒப்பிச்சாளாக்கும்.

– ஒப்பிச்சா. ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, 'நூத்துச் சொச்சம் இருக்கும் கண்ணு. ரெண்டு செத்துப்போச்சு. ஒண்ணு மயக்கத்துலேயே போச்சு. இன்னொண்ணு ஏன் போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல'ன்னா. செத்ததைச் சொன்னா பாரு, அங்கேயே எனக்கு முடிவாயிடுச்சு, இவதான்னு.

– என்னைக் கேளு.

– எதை?

– பாப்பாவோட முதல் கேள்வியை.

– வேண்டாம்டா.

– கேளுக்கா.

– எத்தனை முயலுக்குப் பண்ணியிருக்க?

– ஒண்ணு.

– ஒண்ணா?

– மெல்ல. அவர் திரும்பிப் பாக்கறார்.

– 'இதெல்லாம் நமக்குத் தூசு'ன்னியேடா. 'கண்ணை மூடிட்டுப் பண்ணுவேன்'னியே. இந்தக் கடைக்கு வர்றவங்ககிட்ட ஒருத்தர் விடாம நான் சொல்லியிருக்கேன், எங்க தம்பி கையில ஒப்படைச்சா அப்புறம் கவலையே இல்லைன்னு. உன் போர்டுல எழுத்துப் பிழை இருந்துடக் கூடாதுன்னு நாலு தடவை படிச்சுப் பாத்தவ நான். அந்தப் போர்டுல முயல் எதுக்குடா எழுதின?

– எழுதிட்டேன். பெயிண்டர் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு, என்ன போடட்டும்னு கேட்டான். ஏன் இப்ப என்னைப் பயந்தவ மாதிரி பாக்கற?

– நான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன், எப்போலேர்ந்து பட்டினி போடணும்னு. எழுதிட்டிருந்தவ பேனாவைக் கீழ வச்சுட்டா. 'யாருங்க உங்களுக்கு அப்படிச் சொன்னது'ன்னா. நாய், பூனை மயக்கத்துல வாந்தி எடுக்குமாம், அதனால அதுக்குப் பட்டினியாம். முயலுக்கு வாந்தியே வராதாம். அது வயிறு ஓடிட்டே இருக்கணுமாம், நின்னுச்சுன்னா ஆளே போச்சாம். 'காலையில வழக்கம்போலத் தின்னட்டும். முடிஞ்சதும் தின்னலைன்னா நானே ஊட்டி விடுவேன். அது தின்னு, புழுக்கை போட்டதைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்'னா.

– ம்.

– நாங்க பொத்தான் கூண்டுலேர்ந்து முந்தின நாள் சாயங்காலமே புல்லை எல்லாம் எடுத்துட்டோம். நீ சொன்ன மாதிரியே. மறுநாள் ஆபரேஷன் முடிச்சு நீ கொண்டு வந்து விட்ட. ஒண்ணும் தின்னலையேன்னு கேட்டேன். 'ரெண்டு நாள்ல தானா தின்னும், தொந்தரவு பண்ணாதீங்க'ன்ன. நாங்க தொந்தரவு பண்ணல. அது மூலையில பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்துச்சு, நாங்க தூங்குதுன்னு நினைச்சு டிவி சத்தத்தைக் குறைச்சோம்.

– மூணாம் நாள் காலையில நீ கூப்பிட்ட. எல்லாம் ஞாபகம் இருக்கு.

– வந்து வயித்தைத் தொட்டுப் பாத்த. கல்லு மாதிரி இருக்குன்ன. அப்புறம் திரும்பி எங்களை ஒரு கேள்வி கேட்ட.

– அக்கா.

– 'யாராவது இதுக்கு ஏதாவது குடுத்தீங்களா?'

– எந்த டாக்டரும் கேக்கற கேள்விதானே அது.

– பாப்பா கையைத் தூக்கினா, வகுப்புல தூக்கற மாதிரி. அரை பிஸ்கட்டுன்னா. நீ, 'அதான், அதான் காரணம்'ன்ன. ரெண்டு தடவை சொன்ன.

– அப்ப அதை நம்பித்தான் சொன்னேன்க்கா. சத்தியமா. நாய்க்குப் பண்ற மாதிரியே பண்ணினேன், நாய்க்குச் சொல்ற மாதிரியே சொன்னேன். எனக்கு அப்பத் தெரியாது.

– எப்பத் தெரியும்?

– கேக்காதக்கா.

– எப்படா தெரியும்?

– ரெண்டு மாசம் கழிச்சு. டாக்டருங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வச்சாங்க. முயலைப் பத்தி ஒரு மணி நேரம். திரையில முதல் வரியே அதுதான், பட்டினி போடக் கூடாதுன்னு. பக்கத்துல இருந்தவன் கொட்டாவி விட்டுட்டு, 'இது கூடத் தெரியாமலா வந்திருக்கோம்'ன்னான். நானும் சிரிச்சேன்க்கா. சிரிச்சுட்டு, வெளியில போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டுக் கை கழுவிட்டே நின்னேன். வகுப்பு முடிஞ்சு எல்லாரும் வர்ற வரைக்கும்.

– பத்து மாசமா தெரியும் உனக்கு.

– சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன். பாப்பா ஓடி வந்து கதவைத் திறப்பா. ஒவ்வொரு இலையா எடுத்துக் காட்டி, 'மாமா, மேனேஜருக்கு இது குடுக்கலாமா, மாமா, இது குடுத்தா ஒண்ணும் ஆகாதே'ன்னு கேப்பா. அந்த முகத்தைப் பாத்துட்டு, குடுக்கலாம்னு தலையாட்டிட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் வர்றதையே நிறுத்திட்டேன். வேலை ஜாஸ்தின்னு நீயும் நம்பின.

– வீட்டுல பிஸ்கட்டே வாங்க விடமாட்டா தெரியுமா? விருந்தாளி யாராவது கொண்டு வந்தா வாசல்லயே வாங்கி எதிர்வீட்டுப் பசங்ககிட்ட கொடுத்துடுவா.

– டாக்டரம்மாகிட்ட அதையும் கேட்டியா? பிஸ்கட்டைப் பத்தி?

– பாப்பாவைக் கூண்டோட வெளியில உக்கார வச்சுட்டுக் கேட்டேன். அரை பிஸ்கட்டுக்கு ஒரு முயல் சாகுமான்னு. 'குடுக்கக் கூடாதுதான். ஆனா அதுக்கெல்லாம் சாகாதுங்க, பட்டினிக்குத்தான் சாகும்'னா. நான் அந்த மேஜை மேலேயே தலையைக் கவுத்துட்டேன். தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டா.

– அன்னைக்கே பாப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.

– சொல்லல.

– என்னைக் காட்டிக் கொடுத்துடக் கூடாதுன்னா?

– சார், இந்தாங்க, போட்டுப் பாருங்க. காதுக்குப் பின்னாடி அழுத்துதா? இப்ப? நல்லது. பாத்துப் போங்க, வாசல்ல ஒரு படி இருக்கு.

– அவர் போயிட்டார். சொல்லு, எனக்காகத்தானே சொல்லாம விட்ட?

– அதை விடு.

– விடலை. கேளு, மேனேஜரை அவகிட்டயே கொண்டு போ. நான் அவளுக்கு ஃபோன் பண்ணி, அந்த வேற ஊர் டாக்டர் நான்தான்னு சொல்லிடறேன். அவ விட்டா பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கறேன். போர்டுல முயல் இருக்கற இடத்துல இன்னைக்கே பெயிண்ட் அடிச்சுடறேன்.

– சரிடா.

– சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். ஸ்கூல்லேர்ந்து வந்ததும் பாப்பாவை உக்கார வச்சு நானே சொல்றேன். பொத்தான் உன்னால சாகலடா கண்ணு, மாமாவாலதான்னு. மாமாவுக்கு வேலை தெரியல, தெரியாதுன்னு சொல்லவும் தைரியம் இல்லைன்னு.

– அவ உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டா. மடியில வந்து உக்காந்துப்பா.

– அதுதான் என்னால தாங்க முடியாது. எட்டு வயசுக் குழந்தையை முன்னால நிறுத்திட்டு, பின்னால ஒளிஞ்சுட்டேன். அதுவும் தெரிஞ்சே. இப்படி ஒரு ஆளை என்னன்னு சொல்றது, நீயே சொல்லு.

– எனக்கும் தெரியலடா. ஒரு வருஷமா அதைத்தான் யோசிக்கறேன்.

– நீ எதுக்கு யோசிக்கணும்?

– பிஸ்கட்டை அவ குடுக்கல. பட்டினி போட்ட அன்னைக்குப் பசியில கம்பியைக் கடிச்சுட்டே இருந்துச்சு, மனசு கேக்காம நான்தான் குடுத்தேன். யார் குடுத்ததுன்னு நீ கேட்டப்ப எனக்கு நாக்கு எழும்பல. பாப்பா ஒரு தடவை என் முகத்தைப் பாத்தா, பாத்துட்டுக் கையைத் தூக்கினா.